இரண்டு பேர் ஏறலாம்

என் வீட்டுக்காரர் சொல்வதை நான் நம்புவதில்லை. இதை யாரிடமும் மறைத்ததும் இல்லை. அக்கம்பக்கத்தார், சொந்தக்காரர்கள், அவர் வேலை பார்க்கும் கடையின் முதலாளி, எல்லாருக்கும் தெரியும். நான் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். அட்டைப்பெட்டியைத் திருப்பி, காலாவதித் தேதி பார்த்து, பொடி எழுத்தில் போட்டிருப்பதையும் படித்த பிறகுதான் எதையும் எடுத்துக் கொடுப்பேன். அவர் வீட்டுச் சாமான் கடையில் விற்பனையாளர். பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் இந்த நாள்வரை படித்ததில்லை. எழுதியிருப்பது போதாது என்பது அவருடைய கட்சி. மீதியை வாயால் சேர்த்துவிடுவார்.

"ரெண்டு வருஷம் வாரண்டின்னு போட்டிருக்கான் பாருங்க, அது கம்பெனிக்காரன் பயந்துக்கிட்டுப் போட்டது. நீங்க பத்து வருஷம் கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுங்க. நான் கியாரண்டி!"

கடைத்தெருவில் அவருக்குப் பெயரே கியாரண்டி என்று ஆகிவிட்டது. அதில் அவருக்கு வருத்தம் எதுவும் கிடையாது. பட்டம் வாங்கியவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பார். வாங்கின இஸ்திரிப் பெட்டி சூடாகவில்லை என்று யாராவது திரும்பி வந்தால் மற்ற கடைகளில் வாரண்டி அட்டை எங்கே என்று கேட்பார்கள். இவர் அட்டையைக் கேட்க மாட்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு இஸ்திரிப் பெட்டியைப் பிரித்துவிடுவார். சில சமயம் சரியாகும். ஆகாவிட்டால் டீ வாங்கிக் கொடுத்து, வேறொன்றைத் தலையில் கட்டி அனுப்பிவிடுவார். ஆனால் ஆளைப் பார்த்ததும் பின்பக்கமாக நழுவியது மட்டும் கிடையாது. அவரைத் திட்டும்போதும் நான் இதை ஒப்புக்கொள்வேன்.

வீட்டிலும் இதே வாய்தான். "இன்னைக்கு மழை வராது, நான் கியாரண்டி" என்பார். கொடியில் கிடக்கிற துணியெல்லாம் நனையும். "இந்த பஸ் இங்க நிக்கும்" என்பார். டிரைவர் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போவார். கல்யாணத்துக்கு முன்னால் என் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க தங்கச்சி கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வராது மச்சான், அதுக்கு நான் கியாரண்டி" என்றாராம். அண்ணன் வந்து அதை எழுத்து விடாமல் என்னிடம் ஒப்பித்தார். கல்யாணமான முதல் வாரமே என்னை வெங்காயம் உரிக்க வைத்தார்கள். இந்த மாதிரி வாக்குறுதிக்கெல்லாம் அட்டையும் கிடையாது, முத்திரையும் கிடையாது. யாரிடம் போய்க் கேட்பது?

அண்ணன் ஒருவர்தான் என் வீட்டுக்காரர் சொல்வதை அப்படியே நம்புகிற ஜீவன். அவர் பஸ் டிரைவர். பின்னால் கண்டக்டர் விசில் கொடுத்தால் திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுத்துப் பழகியவர். இன்னொருவர் சரி என்று சொன்னால் சரி என்று இருப்பது அவர் தொழிலிலேயே ஊறியது. "மாப்ள சொல்லிட்டாரு" என்றால் அவரைப் பொறுத்தவரை அந்தப் பேச்சு முடிந்தது.

இனி ஏணிக்கு வருகிறேன். கடையில் அலுமினிய மடக்கு ஏணி விற்கிறார்கள். விரித்து வைத்தால் இரண்டு பக்கமும் படி இருக்கும், உச்சியில் ரிவிட் அடித்து இரண்டையும் சேர்த்திருப்பார்கள். இதை விற்பதற்கு என் வீட்டுக்காரர் ஒரு வித்தை வைத்திருந்தார். ஏணியைக் கடையின் நட்டநடுவில் விரிப்பார். தான் ஒரு பக்கம் ஏறிக்கொண்டு, வாங்க வந்தவரை மறுபக்கம் ஏறச் சொல்வார். இரண்டு பேரும் உச்சியில் மூக்கோடு மூக்காக நிற்கும்போது, "ஆடுதா?" என்று கேட்டுவிட்டு ஒரு குதி குதிப்பார். ஏணி அசையாது. "ரெண்டு பேர் ஏறலாம், மூணாவது ஆள் வந்தாதான் யோசிக்கணும்!" என்பார். தம்பதியாக வருபவர்கள் என்றால் அவர்கள் இரண்டு பேரையுமே ஆளுக்கொரு பக்கம் ஏற்றிவிடுவார். முகத்துக்கு முகம் பார்த்தே வருஷக்கணக்கானவர்கள்கூட அங்கே போய்ப் பார்த்துக்கொண்டு, வெட்கப்பட்டு, இறங்கி, பணம் கட்டிவிட்டுப் போவார்கள். கடையில் அதிகம் விற்ற சாமான் அந்த ஏணிதான்.

அண்ணனும் போய் அப்படித்தான் ஏறி, மாப்பிள்ளையோடு மூக்கோடு மூக்காக நின்று, ஒன்று வாங்கிவந்தார். வீட்டு ஹாலுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பெயிண்ட் வாசனை அண்ணிக்கு ஆகாது, பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டாள். அதனால் நான் உதவிக்குப் போனேன்.

கூரையில் பெயிண்ட் அடிப்பவருக்கு ஒரு தொல்லை உண்டு. பிரஷைத் தோய்க்க ஒவ்வொரு தடவையும் கீழே இறங்க வேண்டும். அண்ணன் ஏறுவதையும் இறங்குவதையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். "டப்பாவை நான் பிடிச்சுக்கறேன்ணே" என்று எடுத்துக்கொண்டு, ஏணியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, மறுபக்கமாக ஏறினேன். இரண்டு பேரும் உச்சியில் நின்று ஒரு மூலையை முடித்தோம். அண்ணன் ஏதோ சொல்லிச் சிரித்தார். அப்போது ரிவிட் பிய்த்துக்கொண்டது.

நான் சோபாவின் மேல் விழுந்தேன். முழங்கையில் சிராய்ப்பு, தலையெல்லாம் வெள்ளை, அவ்வளவுதான். அண்ணன் தரையில் விழுந்தார், வலது கணுக்கால் அவருக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. அவர் கத்தவில்லை. "இந்தக் கால்லதான்மா பிரேக்கை மிதிக்கிறேன்" என்று மட்டும் சொன்னார். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

செய்தி கேட்டு என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்கு வரும் முன் என்ன செய்தார் தெரியுமா? கடையில் காட்சிக்கு வைத்திருந்த ஏணியில் ஏறிக் குதித்துப் பார்த்திருக்கிறார். ஒரு தடவை இல்லை, முதலாளி வந்து சட்டையைப் பிடித்து இறக்கும் வரை. ஏணி அசையவில்லை. "எப்படி முதலாளி உடையும்? இப்பவும் குதிச்சேனே!" என்று கேட்டிருக்கிறார். முதலாளிக்கு அப்போதுதான் உறைத்திருக்கிறது. "ஏம்பா, இது பழைய மாடல். கம்பெனி ரிவிட்டை மாத்தி ரொம்ப நாளாச்சு. இப்ப பெட்டியில வர்றதெல்லாம் வேற." கடையில் காட்டியது ஒன்று, பெட்டியில் கட்டிக் கொடுத்தது வேறொன்று. இத்தனை நாளும் எல்லாரையும் ஏற்றிக் குதித்துக் காட்டியவருக்கே அது தெரியாது. பெட்டியைப் படித்திருந்தால் தெரிந்திருக்கும்.

அவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்து நின்றபோது நான் நன்றாகக் கொடுக்க வேண்டும் என்றுதான் இருந்தேன். முகத்தைப் பார்த்தேன். வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். சரி, பிறகு கொடுக்கலாம் என்று விட்டுவிட்டேன்.

அண்ணன் கம்பெனிக்கு எழுதினார். 'தவறான பயன்பாடு' என்று பதில் வந்தது. ஏணியின் காலில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறோமே என்றார்கள். ஒரு ஆள் படத்துக்குப் பக்கத்தில் சரி, இரண்டு ஆள் படத்தின் மேல் குறுக்குக் கோடு. பார்க்காதது உங்கள் பாடு என்று கையைக் கழுவிவிட்டார்கள். கடை முதலாளியும் அதையே சொன்னார். இதை வைத்துக்கொண்டு பஸ் டிப்போ 'சொந்தக் கவனக்குறைவால் ஏற்பட்ட காயம்' என்று குறிக்கப் போவதாகச் சொன்னது. அப்படிக் குறித்துவிட்டால் கால் சரியானாலும் திரும்ப ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டார்கள். கேட்டில் உட்கார வைத்து, வருகிற வண்டிக்குக் கம்பியைத் தூக்கிவிடச் சொல்வார்கள்.

அண்ணன் பொறுமைசாலி. கவனக்குறைவு என்ற வார்த்தைதான் அவரைச் சுட்டுவிட்டது. "இத்தனை வருஷத்துல ஒரு நாய்மேலகூட வண்டியை ஏத்தினதில்ல. எனக்குக் கவனம் இல்லையாம்மா? மாப்ள ஏத்திக் காட்டினாரு, ரெண்டு பேர் ஏறலாம்னு சொன்னாரு, ஏறினேன். என் தப்பு இல்லன்னு ஒரு பெரிய இடத்துல சொல்லட்டும். எனக்கு அது போதும்" என்றார். வக்கீல் வைக்காமல் தானே எழுதி, கம்பெனியின் மேலும் கடையின் மேலும் நுகர்வோர் மன்றத்தில் வழக்குப் போட்டார். மாப்பிள்ளையின் மேல் அவருக்கு எள்ளளவும் கோபம் இல்லை. வழக்குப் போட்ட அன்று சாயங்காலம், எதிர்த்தரப்புக் கடையின் பிரதான சாட்சியாகப் போகிற மாப்பிள்ளை ஊன்றுகோலின் ரப்பரை மாற்றிக் கொடுக்க வந்தார். மனுதாரர் அவருக்கு டீ போடச் சொன்னார்.

கடை முதலாளிக்கு அப்படியெல்லாம் பெரிய மனசு இல்லை. ஒரு வக்கீலை வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் கூப்பிட்டனுப்பினார். வக்கீல் இளம் வயசு, சுத்தமான மேஜை, ரொம்பத் தெளிவான பேச்சு.

"இவர் சொல்லவே இல்லன்னு நாம சாதிக்க முடியாது. பாதி ஊர் கேட்டிருக்கு. அதனால சொன்னார்னே ஒத்துக்கறோம். ஆனா சட்டத்துல உறுதிமொழி வேற, வியாபாரப் பேச்சு வேற. உலகத்துலயே இதுதான் நல்ல சோப்புன்னு விளம்பரம் பண்றான், யாராவது கேஸ் போடுறாங்களா? புத்தி இருக்கிறவன் எவனும் அதை நம்ப மாட்டான். இவர் சொன்னதும் அந்த வகைதான்."

"எங்க அண்ணன் நம்பினாரே சார்?"

"அதனாலதான் மேடம் கால் உடைஞ்சுது" என்றார் வக்கீல், ரொம்ப மரியாதையாக.

அவருக்கு இரண்டு சாட்சி வேண்டும். முதல் சாட்சி என் வீட்டுக்காரர். தான் சொல்வது சும்மா பேச்சு, அதை யாரும் நம்பத் தேவையில்லை என்று அவரே வந்து சொல்ல வேண்டும். இரண்டாவது சாட்சி நான். இவரை நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இவர் பேச்சை நம்புவதில்லை என்று சொல்ல என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது என்றார் முதலாளி. கடைக்கு வரும்போதெல்லாம் நானே சொல்லியிருக்கிறேனாம். சொல்லியிருக்கிறேன்தான். ஏறும் முன் ஸ்டிக்கரைப் பார்த்ததையும் வக்கீல் கேட்டபோது நான் மறைக்கவில்லை.

"ஸ்டிக்கரைப் பார்த்தும் ஏன் ஏறினீங்கன்னு கேட்டா, ஏதோ அவசரத்துல ஏறிட்டேன்னு சொல்லிடுங்க. அவ்வளவுதான்" என்றார் வக்கீல்.

வெளியே வரும்போது முதலாளி என்னை மட்டும் தனியாக நிறுத்தினார். "தீர்ப்பு கடைக்கு எதிரா வந்தா இவரை நான் வச்சுக்க முடியாதும்மா. இவர் இதுவரைக்கும் வித்த ஒவ்வொரு ஏணிக்கும் ஆள் வந்து நிப்பான். யோசிச்சுக்கோங்க."

யோசிக்க என்ன இருக்கிறது? உள்ளதை உள்ளபடி சொன்னால் வீட்டுக்காரரின் வேலை நிலைக்கும், அண்ணன் கேட்டில் உட்கார்ந்து கம்பி தூக்குவார். இவரை நம்புகிறேன் என்று பொய் சொன்னால் அண்ணன் வண்டி ஓட்டுவார், இவர் வீட்டில் உட்காருவார். இந்த வாயை வைத்துக்கொண்டு வேறு எந்தத் தொழிலுக்கும் இவர் லாயக்கில்லை. கூடப் பிறந்தவர் ஒரு பக்கம், கட்டிக்கொண்டவர் ஒரு பக்கம். எனக்கு யார்மேல் கோபம் வந்தது என்றால், அந்த ரிவிட்டை மாற்றியவன் மேல்தான். அவன் எங்கேயோ நிம்மதியாக இருந்தான்.

அண்ணனிடம் போய், சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றேன். "கூப்பிட்டா போய்ச் சொல்லும்மா. உனக்குத் தெரிஞ்சதைச் சொல்லு. அதுக்காக நம்ம வீட்டுக்கு வராம இருந்துடாத" என்றார். ஒரு வார்த்தை கெஞ்சியிருந்தால்கூட எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் நான் காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் எதிரில் உட்கார்ந்து, மடித்ததை எடுத்துத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தார். வழக்கமாக அந்த நேரத்தில் கடையில் நடந்ததையெல்லாம் நடித்துக் காட்டுவார். ஏணி உடைந்ததிலிருந்து அது நின்றுபோயிருந்தது. கடையிலும் அவர் எதையும் உயர்த்திப் பேசுவதில்லை, பெட்டியை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு நிற்கிறார், வியாபாரம் படுத்துவிட்டது என்று கேள்விப்பட்டேன்.

"நாளைக்கு அங்க சொல்லிடு" என்றார். "உள்ளதைத்தானே சொல்லப்போற. நீ என்னை ஒருநாளும் நம்பினதில்லல்ல?"

அவர் கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. இல்லை என்று நான் சொல்ல மாட்டேனா என்று எதிர்பார்க்கிற குரல் அது.

"நம்பினதில்ல" என்றேன்.

"அதான்" என்று சொல்லி, ஒரு தலையணை உறையை எட்டாக மடித்து வைத்தார்.

நுகர்வோர் மன்றம் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. லிஃப்ட் வேலை செய்யவில்லை. 'பராமரிப்பில் உள்ளது' என்று ஓர் அட்டை தொங்கியது, அந்த அட்டையே வெளுத்துப்போயிருந்தது. பழுதான சாமான்களுக்கு நியாயம் சொல்கிற இடத்துக்கு அண்ணன் ஒரு காலும் இரண்டு கோலுமாகப் படியேறிப் போனார். பின்னாலேயே என் வீட்டுக்காரர், விழுந்தால் பிடிக்கிற தூரத்தில்.

தலைவர் நடுத்தர வயதைத் தாண்டிய ஒரு அம்மா. மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார். கம்பெனித் தரப்பில் ஒருவர் வந்து ஸ்டிக்கரைப் பெரிதாக்கிப் போட்ட படத்தைக் காட்டிவிட்டு உட்கார்ந்தார். அண்ணன் எழுந்து, "அம்மா, ரெண்டு பக்கமும் படி வச்சிருக்காங்க. ஒருத்தர்தான் ஏறணும்னா இன்னொரு பக்கத்துப் படி யாருக்கும்மா?" என்று மட்டும் கேட்டார். கம்பெனி ஆள் அது டிசைன் சம்பந்தப்பட்ட விஷயம் என்றார். தலைவர் அதை எழுதிக்கொண்டார்.

அடுத்து என் வீட்டுக்காரர். தரையைப் பார்த்துக்கொண்டு, சொல்லிக் கொடுத்ததைச் சொன்னார்.

"நான் சொன்னது சும்மா வியாபாரப் பேச்சு. அதை யாரும் நம்பத் தேவையில்ல."

தட்டச்சு செய்கிற பெண் தலையைத் தூக்கி, "கேக்கல சார், கொஞ்சம் சத்தமா சொல்லுங்க" என்றாள். அவரைச் சத்தமாகப் பேசச் சொல்லி ஒருவர் கேட்டதை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அவர் திரும்பச் சொன்னார். இன்னும் சத்தம் குறைந்திருந்தது. அண்ணன் ஊன்றுகோலை வெறித்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த வக்கீலை எழுந்து போய் ஓர் அறை அறைய வேண்டும் போலிருந்தது.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

"உங்க கணவர் பேச்சை நீங்க நம்புவீங்களா மேடம்?" என்று கேட்டார் வக்கீல்.

"மாட்டேன்."

"எதையுமே?"

"மழை வராதுன்னு சொன்னா குடை எடுத்துக்கிட்டுப் போவேன்."

யாரோ சிரித்தார்கள். நானும் அதற்காகத்தான் சொன்னேன். வக்கீலுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. சொல்லிக் கொடுத்ததற்கு மேலேயே நான் நன்றாகச் சொல்கிறேன் என்று தோன்றியிருக்க வேண்டும், அதோடு நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை.

"நீங்க மருந்துக் கடையில வேலை பார்க்கறவங்க. எதையும் படிச்சுப் பார்த்துட்டுத்தான் தொடுவீங்க, இல்லையா?"

"ஆமா சார்."

"அன்னைக்கு ஏணியில இருந்த ஸ்டிக்கரையும் பார்த்தீங்க?"

"பார்த்தேன். ஏறறதுக்கு முன்னாடி சுத்திப் பார்த்தேன். குனிஞ்சு படிச்சேன்."

"ஒரு ஆள்தான் ஏறணும்னு தெளிவாப் புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

"அவ்வளவுதான்" என்று மன்றத்தைப் பார்த்துத் தலைவணங்கிவிட்டு உட்கார்ந்தார். எச்சரிக்கை இருந்தது, படிக்கவும் முடிந்தது, விற்றவரை நம்புவார் யாருமில்லை. எல்லாவற்றையும் அழகாகக் கட்டி முடித்த திருப்தி அவர் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்க இறங்க வேண்டாம்மா, ஒரு நிமிஷம். ஒருத்தர்தான் ஏறணும்னு படிச்சீங்க. உங்க அண்ணன் ஏற்கெனவே மேல நிக்கறார். இல்லையா?"

"ஆமாம்மா."

"அப்புறம் நீங்க ஏன் ஏறினீங்க?"

அவசரத்தில் ஏறிவிட்டேன் என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். ஆனால் அவசரம் எங்கே இருந்தது? அது ஒரு சாவகாசமான நாள். குனிந்து ஸ்டிக்கரைப் படித்தது ஞாபகம் வந்தது. இரண்டு ஆள் படத்தின் மேல் போட்டிருந்த சிவப்புக் கோடு ஞாபகம் வந்தது. அதைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது மனசுக்குள் என்ன சொல்லிக்கொண்டேன் என்பதும் ஞாபகம் வந்தது. கையில் பெயிண்ட் டப்பாவோடு, கொஞ்சம்கூட யோசிக்காமல் சொல்லிக்கொண்டேன். அது கம்பெனிக்காரன் பயந்துக்கிட்டுப் போட்டது.

அவருடைய வாசகம் அது. ஒரு சொல் மாறாமல்.

"ஏன்மா? சொல்லுங்க" என்றார் தலைவர்.

"அவர் தாங்கும்னு சொன்னார்" என்றேன்.

"யார்?"

நான் கை நீட்டிக் காட்டினேன்.

"இப்பதான் அவர் சொல்றதை எதையும் நம்ப மாட்டேன்னு சொன்னீங்க."

"ஆமாம்மா. நம்ப மாட்டேன்னுதான் நானும் நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. தட்டச்சுப் பெண் அதையும் அடித்தாள். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வேலை கைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிற ஆளின் முகமா அது? பல வருஷத்துக்கு முந்தின ஒரு புகாருக்கு இப்போதுதான் நல்ல பதில் வந்த முகம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இங்கே வெங்காயமும் இல்லை.

உணவு இடைவேளைக்குப் பிறகு தீர்ப்பு வந்தது. கடையில் ஏற்றிக் காட்டி, வாயால் உறுதியும் சொல்லி விற்ற பிறகு, ஏணிக் காலில் ஒட்டின ஸ்டிக்கருக்குப் பின்னால் ஒளிய முடியாது என்றார் தலைவர். இரண்டு பக்கமும் படி வைத்து, ரிவிட்டை மட்டும் ஒரு ஆளுக்கு வைத்தது கம்பெனியின் குற்றம் என்றார். மனுதாரரிடம் கவனக்குறைவு எதுவும் இல்லை என்றார். அண்ணன் அந்த வாக்கியத்தை இன்னொரு தடவை படிக்க முடியுமா என்று கேட்டார், அவரும் படித்தார். 'எதையும் படித்துப் பார்த்தே செய்கிற, எவரையும் எளிதில் நம்பாத ஒரு சாட்சியே விற்பனையாளரின் சொல்லை நம்பி ஏறியிருக்கும்போது, அதை வெறும் வியாபாரப் பேச்சு என்று தள்ள முடியாது' என்றும் தீர்ப்பில் ஒரு வரி இருந்தது. என் வீட்டுக்காரர் பேச்சுக்கு இனி மன்றத்தின் முத்திரையே இருக்கிறது.

முதலாளி வராந்தாவிலேயே கணக்கை முடித்துவிட்டார். "உன் வாயாலதான் கடை ஓடுச்சு, உன் வாயாலதான் மாட்டிக்கிச்சு. நாளையிலிருந்து வரவேண்டாம்பா." அவர் பேச்சை யாரும் நம்ப மாட்டார்கள் என்று தீர்ப்பாகியிருந்தால் வேலை மிஞ்சியிருக்கும். நம்பத் தகுந்தது என்று எழுதிவிட்டதால் போய்விட்டது.

நாங்கள் மூவரும் படிக்கட்டுக்கு வந்தோம். லிஃப்டில் அதே அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. ஏறுவதைவிட இறங்குவது சிரமம். அண்ணன் உச்சிப் படியில் நின்று கீழே பார்த்தார். கைப்பிடிச் சுவர் பாதியில் உடைந்திருந்தது, ஒரு படியின் ஓரம் பெயர்ந்திருந்தது. என் வீட்டுக்காரர் அவர் தோளுக்கடியில் கைகொடுத்துத் தாங்கிக்கொண்டார்.

"காலை வைங்க மச்சான். நான்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். அந்தச் சொல்லைச் சொல்லப் பயமாக இருந்தது போலிருக்கிறது.

அண்ணன் காலை வைக்கவில்லை. ஊன்றுகோலை அந்தரத்தில் தூக்கியபடி காத்துக்கொண்டு நின்றார். விசில் வராமல் அவர் வண்டியை எடுத்ததில்லை.

"என்ன மாப்ள, பாதியில நிறுத்திட்டீங்க?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

"சொல்லுங்க" என்றேன் நான்.

"ஒண்ணும் ஆகாது மச்சான். நான் கியாரண்டி" என்றார், ரொம்ப மெதுவாக.

அண்ணன் உடனே காலை வைத்தார். நான் போய் அவருடைய இன்னொரு பக்கம் பிடித்துக்கொண்டேன், எதற்கும் இருக்கட்டும் என்று.